பாகங்கள் எல்லாம் மாறிய பழைய கார், அதே கார்தானா?

கேள்வி இதுதான்: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்குபவர்கள், காரைவிட அதன் உரிமையாளர் வரலாற்றுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள்?

இதற்கு லண்டன் உயர் நீதிமன்றமே 1990இல் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. வழக்கில் சிக்கியது 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். 1929, 1930 இரண்டு ஆண்டும் பிரான்ஸின் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் வென்ற கார். இரண்டு முறையும் ஓட்டியவர்களில் ஒருவர் உல்ஃப் பர்னாட்டோ. பென்ட்லி கம்பெனியின் தலைவரும் அவரே. பிறகு அதில் 8 லிட்டர் எஞ்சின் ஏறியது. 1932இல் புரூக்லண்ட்ஸ் தடத்தில் நடந்த விபத்தில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். நொறுங்கிய காரைக் கூரை போட்ட கூபே வகைக் காராக மாற்றினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து இன்னோர் உரிமையாளர் அதைத் திரும்பத் திறந்த பந்தயக் காராகக் கட்டினார்.

அவர் அதை 1 கோடி பவுண்டுக்கு விற்கப் பேசியபோது, வாங்க வந்த நிறுவனம் பின்வாங்கியது. "இது அந்தக் காரே இல்லை" என்றது. அதைக் குறை சொல்லவும் முடியாது. 1929இன் இரும்பு அதில் மிகக் கொஞ்சம்தான் மிச்சம். ஆனாலும் தீர்ப்பு விற்றவர் பக்கம். 1929இல் இருந்த அதே நிலையில் இல்லை, சரி. ஆனால் படிப்படியாக மாறிவந்த இந்தக் காரின் தொடர்ச்சி எங்கும் அறுபடவில்லை, வேறெந்தக் காரும் அந்தப் பெயருக்கு உரிமை கோர முடியாது என்றார் நீதிபதி.

ஆகவே வாங்கும்போது பெயின்ட் பளபளப்பைப் பிறகு பாருங்கள். முதலில் பதிவு ஆவணங்கள், சேசிஸ் (அடிச்சட்டம்) எண், பழைய பில்கள், ஒவ்வொரு கட்டத்துப் புகைப்படங்கள். நடுவில் நீண்ட இடைவெளி தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.