றக்பி பூட்ஸும் ஸ்பைக்ஸும் ஒரே பையில்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கண்டி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 20 வருடத்துக்கு மேலாகிவிட்டது. விடியற்காலையில் ஓட்டப் பிள்ளைகள், பின்னேரம் றக்பிப் பிள்ளைகள். பாதிப்பேர் இரண்டிலும் இருப்பவர்கள். இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து றக்பிப் பருவம் தொடங்கும் இந்த நேரத்தில் பெற்றோரும் மாணவர்களும் கேட்ட கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

மாத்தளையிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு 14 வயது. இல்ல விளையாட்டுப் போட்டியில் 100, 200 மீற்றர் இரண்டிலும் முதலாமிடம். இப்போது றக்பி சேர் விங்கில் விளையாட வரச் சொல்கிறார். போனால் ஓட்டம் கெட்டுப்போகுமா சேர்?

கெடாது அம்மா. ஆனால் இரண்டு பயிற்றுநர்களும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தால் பிள்ளை களைத்துப்போவான்.

விங் என்றால் மைதானத்தின் ஓரத்தில் நின்று, பந்து வந்ததும் ஓடுபவன். அவனுக்கு முதல் 20 மீற்றர் வேகம்தான் சாப்பாடு. 100 மீற்றர் ஓடுபவனுக்கும் தொடக்கம் அதுதான். ஆகவே ஒன்றில் உழைப்பது மற்றதில் வீண்போகாது. வித்தியாசம் கையில் இருக்கிறது. ஓட்டத்தில் இரண்டு கையும் வீசி ஓடிப் பழகியவன், பந்தை நெஞ்சோடு அணைத்ததும் ஒரு கை இல்லாதவன்போல் தடுமாறுவான். என்னிடம் வந்த வேகமான பையன்கள் எல்லாருமே முதல் வாரத்தில் அப்படித்தான் கோணலாக ஓடினார்கள். பந்தைக் கையில் கொடுத்து ஒரு மாதம் ஓடவிட்டால் தானாகச் சரியாகிவிடும்.

கவனிக்க வேண்டியது நாள்காட்டியை. இல்ல விளையாட்டு பெரும்பாலும் முதலாம் தவணையில் முடிந்துவிடும். றக்பியின் பெரும்பகுதி இரண்டாம் தவணையில். வலய, மாகாண மெய்வல்லுநர் போட்டிகளும், பாடசாலைகளுக்கான சேர் ஜோன் டாபட் மெய்வல்லுநர் போட்டியும் எந்த வருடம் எந்த வாரத்தில் வந்து விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சனிக்கிழமை மெச், திங்கட்கிழமை மாகாணப் போட்டி என்றால் இரண்டில் ஒன்றை விடத்தான் வேண்டும். எதை விடுவது என்று அந்த வாரத்தில் சண்டை பிடிக்காமல், தவணை தொடங்கும்போதே இரண்டு சேர்மாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுங்கள். முழு வேகத்தில் ஓடும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள் போதும், நடுவில் 48 மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். 14 வயதுப் பிள்ளைக்கு ஞாயிறு முழு ஓய்வு. அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. பின்தொடைத் தசை பிடித்துக்கொள்வதுதான் வேகமான பையன்களின் தலைவலி. முழங்காலில் நின்றுகொண்டு, நண்பன் கணுக்காலைப் பிடித்திருக்க, உடம்பை நேராக வைத்தபடி மெதுமெதுவாக முன்னால் சாயும் பயிற்சி ஒன்று உண்டு. நோர்டிக் என்பார்கள். முதல் நாளே அதிகம் செய்தால் மறுநாள் படி இறங்க முடியாது. ஐந்து தடவையில் தொடங்கட்டும்.

கொழும்பு, தரம் 8 மாணவன்: பிராட்பி கேடயத்துக்கு ஏன் இரண்டு மெச் விளையாடுகிறார்கள்?

நல்ல கேள்வி தம்பி. கொழும்பு றோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் இடையில் 1920 முதல் றக்பி நடக்கிறது. றோயலின் அதிபராக இருந்த பிராட்பி 1945இல் கேடயத்தைக் கொடுத்தார். ஒரு மெச் கொழும்பில், மற்றது கண்டியில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி யாருக்கு அதிகமோ அவர்களுக்குக் கேடயம். அதனால் முதல் மெச்சில் 10 புள்ளியால் தோற்றவர்கள் இரண்டாவதில் 11 புள்ளியால் வென்றாலும் கேடயம் அவர்களுக்குத்தான். முதல் மெச் தோற்றுக்கொண்டிருக்கும்போது கடைசி நிமிடத்தில் மூன்று புள்ளிக்காக ஒருவன் ஏன் பெனல்ட்டி அடிக்கிறான் என்று இப்போது விளங்கும். அந்த மூன்றும் அடுத்த ஊருக்குக் கூடவே வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பழைய மாணவர்: வடக்கில் கிரிக்கெட், உதைபந்தாட்டம், மெய்வல்லுநர் எல்லாம் இருக்கிறது. றக்பி மட்டும் ஏன் வேரூன்றவில்லை?

ஐயா, இந்த விளையாட்டு வெள்ளைக்காரத் துரைமாரின் பின்னால் வந்தது. அவர்கள் கொழும்பில் வியாபாரக் கம்பனிகளிலும் மலையகத்தில் தோட்டங்களிலும் இருந்தார்கள். அங்கேதான் கழகங்கள் முளைத்தன. கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவமும் 1906இல் மோதியதுதான் பாடசாலைகளுக்கிடையிலான முதல் போட்டி. யாழ்ப்பாணத்தில் கல்லூரிகள் பழமையானவை, ஆனால் பின்னால் நிற்க ஒரு கழகம் இல்லை. பாடசாலை முடித்தவன் தொடர்ந்து விளையாட இடம் இல்லாவிட்டால் எந்த விளையாட்டும் நிலைக்காது.

நான் டிக்கோயாவில் பிறந்தவன். தரவளையில் கழக மைதானம் இருக்கிறது. என் அப்பா வேலை முடிந்து வரும்போது வேலிக்கு வெளியே நின்று மெச் பார்ப்பாராம். விதி ஒன்றும் தெரியாது, ஆனால் யார் நல்லாக விழுத்துகிறான் என்று வீட்டில் வந்து சொல்வார். கொழுந்துக் காட்டைச் சுற்றிவைத்துக்கொண்டு எத்தனையோ வருடம் விளையாடினார்கள், வேலிக்கு உள்ளே வந்த நம்மவர்கள் மிகக் குறைவு. அந்த வருத்தத்தில்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

வடக்கைப் பொறுத்தவரை, மெய்வல்லுநரில் உங்களிடம் இருப்பது சின்னச் சொத்து இல்லை. யாழ் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். இந்த நாட்டுக்கு ஆசிய விளையாட்டு விழாவில் கிடைத்த முதல் தங்கம் அது. அவருக்குப் பின்னால் கோலூன்றிப் பாய்தலில் யாழ்ப்பாணப் பிள்ளைகள் தேசிய சாதனை வரை போனார்கள். அங்கே றக்பி தொடங்குவதென்றால் ஏழு பேர் விளையாடும் செவன்ஸில் தொடங்குங்கள். ஓடத் தெரிந்த பிள்ளைகள் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறார்கள்.

வத்தளையிலிருந்து ஓர் அண்ணா: தம்பிக்கு 16 வயது. போன புதன் பயிற்சியில் தலை அடிபட்டது. மயங்கவில்லை. கொஞ்சம் தலையிடி, வெளிச்சம் பார்க்கக் கூசுகிறது என்றான். இப்போது சரி என்கிறான். சனிக்கிழமை மெச். விடலாமா?

விடாதீர்கள். இந்தப் பதிலை மட்டுமாவது எல்லாரும் வாசியுங்கள்.

மூளை அதிர்ச்சி வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு மயக்கம் வராது. தலையிடி, வெளிச்சம் கூசுதல், குமட்டல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, காரணமில்லாத எரிச்சல், இவையெல்லாம் அடையாளம்தான். உங்கள் தம்பிக்கு இரண்டு இருந்திருக்கிறது. சந்தேகம் வந்தாலே அன்று மைதானத்தை விட்டு வெளியே வரவேண்டும், திரும்ப இறங்கக்கூடாது. முதல் 24 முதல் 48 மணித்தியாலம் ஓய்வு, போன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். பிறகு மெதுவாக நடை, வகுப்பு, ஓட்டம் என்று படிப்படியாக. பிரித்தானியா 2023இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி அடிபட்ட நாளிலிருந்து 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பக்கூடாது. அதுவும் அறிகுறி ஒன்றும் இல்லாமல் இருந்தால். வளரும் பிள்ளைகளின் மூளை ஆற நேரம் எடுக்கும். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கழுத்து வலி, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமை, ஒரு கண்ணின் கருமணி மற்றதை விடப் பெரிதாகத் தெரிவது, இதில் ஒன்று வந்தாலும் நேரே ஆஸ்பத்திரி. அடுத்த நாள் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஒரு டொக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பல வருடத்துக்கு முன் ஒரு மெச்சில் கோட்டுக்கு வெளியே நின்றேன். எதிரணிப் பையன் ஒருவன் டாக்கிளில் விழுந்து எழுந்து, எங்கள் வரிசையில் வந்து நின்றான். எங்கள் ஜேர்சியைப் பார்த்தான், தன் ஜேர்சியைக் குனிந்து பார்த்தான், பிறகு சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவனுடைய பயிற்றுநர் முகத்தில் தண்ணீர் அடித்து உள்ளே அனுப்பினார். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை மெச் முடிந்து பஸ்ஸின் படியில் இருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு யாருடைய பிள்ளை என்றாலும் நடுவரிடம் போய்ச் சொல்லிவிடுவேன். உங்கள் தம்பி கோபித்தால் கோபிக்கட்டும். மூன்று சனிக்கிழமை போனால் போகட்டும்.

பதுளை மாணவன்: நான் 62 கிலோ. ப்ரொப்பில் ஆள் இல்லை, நீ நில் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. இரண்டு அணியும் குனிந்து கோத்துக்கொண்டு ஒன்றையொன்று தள்ளுவதுதான் ஸ்க்ரம். ப்ரொப் நிற்பது அதன் முன்வரிசையில். அங்கே நிற்பது பழகாதவனுடைய வேலை இல்லை. கழுத்தும் முதுகும் தாங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். 19 வயதுக்குட்பட்டோர் விதியில் ஸ்க்ரமை ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது என்று இருப்பதே இந்த ஆபத்துக்காகத்தான். முன்வரிசைக்குப் பழகிய ஆள் இல்லாவிட்டால் தள்ளாமல் ஸ்க்ரம் போடும்படி நடுவரிடம் அணித்தலைவர் கேட்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. "எனக்குப் பழக்கித் தாருங்கள் சேர், பிறகு நிற்கிறேன்" என்று சொல். நல்ல பயிற்றுநர் என்றால் கேட்பார்.

மட்டக்களப்பு ஆசிரியை ஒருவர்: 4x100 அஞ்சலோட்டத்தில் எங்கள் பிள்ளைகள் வேகம், ஆனால் ஒவ்வொரு வருடமும் கோல் விழுகிறது. என்ன செய்யலாம்?

டீச்சர், இது எனக்குப் பிடித்த கேள்வி. அஞ்சலோட்டத்தில் ஓடுவது கோல்தான். கோலின் வேகம் குறையாமல் நாலு கை மாற வேண்டும்.

முன்பு மாற்றும் வலயம் 20 மீற்றர், அதற்கு முன்னால் வேகம் எடுக்க 10 மீற்றர் என்று தனியாக இருந்தது. 2018 பருவத்திலிருந்து எல்லாம் சேர்த்து 30 மீற்றர் வலயம். நிறையப் பேர் இன்னும் பழைய கணக்கில், வலயத்துக்குள் நுழைந்ததும் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குகிறவளுக்கு அப்போது வேகமே வந்திருக்காது. வலயத்தின் கடைசிப் பகுதியில் மாற்றுவதுதான் நல்லது.

செய்து பாருங்கள். வாங்குகிற பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பின்னால், அவளுடைய பாதத்தாலேயே 20 அடி அளந்து ஒரு டேப் ஒட்டுங்கள். வருகிறவள் அந்த டேப்பை மிதித்ததும் இவள் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும். கிளம்பிய பிறகு திரும்பிப் பார்க்கவே கூடாது. வருகிறவள் "கை" என்று கத்தினால் மட்டும் கை பின்னால் போக வேண்டும், போன கை ஆடாமல் நிற்க வேண்டும். எட்டவில்லை என்றால் டேப்பை ஓர் அடி கிட்டக் கொண்டுவாருங்கள். முட்டிக்கொண்டால் ஓர் அடி தள்ளி வையுங்கள். முதலாவதும் மூன்றாவதும் வலக்கையில் கொண்டு ஓடட்டும், இரண்டாவதும் நாலாவதும் இடக்கையில் வாங்கட்டும். கை மாற்றுவதே இல்லை.

கோல் விழுவதற்கு இன்னொரு சின்னக் காரணம்: வியர்வை. வாங்கப்போகும் பிள்ளை காற்சட்டையில் கையைத் துடைத்துவிட்டு நிற்கட்டும்.

ஹட்டன் மாணவி: பெண்பிள்ளைகள் றக்பி விளையாடலாமா? எங்கள் பாடசாலையில் ஓட்டமும் வலைப்பந்தும் மட்டும்தான்.

தாராளமாக, மகள். இலங்கைக்குப் பெண்கள் செவன்ஸ் அணி இருக்கிறது, 2016 முதல் செவன்ஸ் ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. வலைப்பந்து விளையாடிய பிள்ளைக்குப் பந்தைப் பிடிக்கவும் வெற்றிடம் பார்க்கவும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் பாடசாலையில் அணி வரும்வரை, இடுப்பில் பட்டி கட்டி அதைப் பிடுங்கும் டேக் றக்பியை ஏழெட்டுப் பேர் சேர்ந்து விளையாடுங்கள். ஒரு பந்து இருந்தால் போதும், பட்டிக்குப் பழைய துணி போதும்.

நீர்கொழும்பு அப்பா: எந்தச் சாமானுக்குக் காசு செலவழிப்பது?

பல்லைக் காக்கும் மவுத்கார்ட், பிறகு பூட்ஸ், அந்த வரிசையில். மவுத்கார்டைச் சுடுநீரில் போட்டு, பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்துக்குப் பிறகு எடுத்து, பிள்ளையின் வாயில் வைத்து நன்றாகக் கடிக்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்தாலும் விழாமல் நின்றால் சரி. ஒருவருடையதை இன்னொருவர் போடக்கூடாது. துணித் தலைக்கவசம் காதையும் தோலையும் காக்கும், மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. ஓட்டத்துக்குப் போடும் ஸ்பைக்ஸ் அண்ணனுடையதே போதும், காலுக்குச் சரியாக இருந்தால்.

புரதத் தூள் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முட்டை, பருப்பு, மீன், நெத்தலி போதும். கடைத் தூளில் லேபிளில் இல்லாத பொருள் கலந்திருந்து, ஊக்கமருந்துப் பரிசோதனையில் பிடிபட்டால் தண்டனை பிள்ளைக்குத்தான்.

குண்டெறிதலுக்குக் குண்டு எத்தனை கிலோ என்றும் கேட்டிருந்தீர்கள். ஆண்பிள்ளைகளுக்கு, சர்வதேச அளவின்படி, 18 வயதுக்குட்பட்டோருக்கு 5 கிலோ, 20க்குட்பட்டோருக்கு 6. உங்கள் போட்டிச் சுற்றறிக்கையை ஒருமுறை பாருங்கள், வயதுப் பிரிவு மாறியிருக்கலாம்.

கண்டியிலிருந்து ஒரு தாய்: உயர்தரப் பரீட்சை வருகிறது. விளையாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டோம். அவன் பேசுவதே இல்லை. என்ன செய்ய?

அம்மா, விளையாட்டில் தேசிய மட்டத்தில் திறமை காட்டிய பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி ஒன்று உண்டு. ஆனால் அதற்கும் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். ஆகவே படிப்பு வேண்டும் என்று நீங்கள் சொல்வது சரிதான். முழுதாக நிறுத்தியதுதான் கொஞ்சம் கூடிப்போயிற்று. வாரம் ஐந்து நாள் போனவனை இரண்டு நாள் போகவிடுங்கள். மெச் இல்லை, பயிற்சி மட்டும். ஒரு மணித்தியாலம் ஓடி, குளித்து, சாப்பிட்டு மேசைக்கு வரட்டும். அவனுடைய சேரை இந்த வாரமே போய்ப் பாருங்கள், அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேச்சு அங்கே தொடங்கிவிடும்.