விரல்களைப் பழிக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

நான் குடியாத்தத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. வயது 38. எலக்ட்ரிக் கிட்டார் கற்க வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. முதலில் அகூஸ்டிக்கில், அதாவது மின்சாரம் தேவைப்படாத சாதாரணக் கிட்டாரில், பழகவேண்டும் என்று எல்லோரும் சொன்னதால், தம்பியின் பழைய கிட்டாரை வாங்கிவந்து நான்கு மாதம் முயன்றேன். எஃப் கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு சுரக்கூட்டு) இன்றுவரை ஒலிக்கவில்லை. விரல் நுனி புண்ணானதுதான் மிச்சம். எனக்குத் திறமை இல்லை என்று நினைக்கிறேன். ஆறு மாதமாக ஒப்பீட்டுக் காணொளிகளைப் பார்த்தும் எதை வாங்குவது என்று முடிவெடுக்க முடியவில்லை. கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்கலாம்? மாமனாரும் மாமியாரும் சீக்கிரம் உறங்கிவிடுவார்கள், சத்தம் தொந்தரவாகுமா? ஆசிரியர் இல்லாமல் வீட்டிலேயே கற்க முடியுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள ஆசிரியைக்கு,

யமஹா பசிஃபிகா 012, ஸ்குவையர், ஐபனேஸ் ஜியோ ஆகிய எலக்ட்ரிக் கிட்டார்களில் உங்கள் பணத்துக்குள் கிடைப்பதை வாங்குங்கள். நிறம், மரம் பற்றிய விவாதங்களை விட்டுவிடுங்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அசைவை, தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப்பின் காந்தச் சுருள்தான் மின்குறியாக மாற்றுகிறது. ஆம்பில் (ஒலியைப் பெருக்கும் கருவி) செருகாதவரை கிட்டாரின் ஒலி அடுத்த அறைக்குப் போகாது. பேட்டரியில் இயங்கும் சிறிய ஹெட்போன் ஆம்ப் ஒன்று போதும், மின்வெட்டிலும் வாசிக்கலாம். வீட்டிலேயே கற்கலாம். ஒரே ஒருவருடைய பாடங்களைத் தேர்ந்தெடுத்து அவரையே பின்பற்றுங்கள். ஆறு மாதம் காணொளி பார்த்துக் கழித்ததற்கு உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். அந்த நேரத்தில் ஐந்தாறு பாடல்களுக்கான கார்டுகள் உங்கள் கைக்குப் பழகியிருக்கும்.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது "எனக்குத் திறமை இல்லை" என்ற அந்த ஒரு வரிக்காக. ஓர் ஆசிரியை இப்படி எழுதலாமா? உங்கள் வகுப்பில் ஒரு குழந்தை இதைச் சொன்னால் விட்டுவிடுவீர்களா? நீங்கள் சோதித்துப் பார்க்கவேண்டியது உங்கள் திறமையை அல்ல, அந்தக் கிட்டாரை.

இன்றே ஒன்று செய்யுங்கள். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்டுகள். தலைப்பக்கத்திலிருந்து மூன்றாம் ஃப்ரெட்டில் ஒரு தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேலே தந்திக்கும் உலோகத்துக்கும் இடையே எவ்வளவு வெளி இருக்கிறது என்று பாருங்கள். மெல்லிய தாள் நுழையும் அளவுதான் இருக்கவேண்டும். அட்டையே நுழைகிறதென்றால், தலைப்பக்கத்தில் தந்திகள் பதிந்திருக்கும் 'நட்' என்ற துண்டின் பள்ளங்கள் போதிய ஆழம் வெட்டப்படவில்லை என்று பொருள். எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரல் அந்த நட்டை ஒட்டிய முதல் ஃப்ரெட்டில்தான் ஆறு தந்திகளையும் சேர்த்து அழுத்துகிறது. நட் உயரமாக இருந்தால் முதலில் வலிக்கும் இடம் அதுதான். அதற்குமேல், உயரத்திலிருந்து அழுத்தப்படும் தந்தி கூடுதலாக இழுபடுவதால் சுருதியும் ஏறிவிடும். சிரமப்பட்டு ஒலிக்க வைத்தாலும் அபசுரமாகவே கேட்கும். நல்ல காது உள்ளவர்களே இதில் முதலில் மனமுடைந்துபோகிறார்கள்.

கிட்டார் தயாரிப்பவர்கள் இதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள். பள்ளத்தை ஆழமாக வெட்டிவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் உரசி இரையும். பிறகு நட்டையே மாற்றவேண்டியிருக்கும். அந்தப் பயத்தில் மலிவான கருவிகளை உயரமாகவே விட்டு அனுப்புகிறார்கள், கடைக்காரர் சரிசெய்துகொள்வார் என்ற நம்பிக்கையில். கடைக்காரரோ பெட்டியைப் பிரித்துச் சுவரில் மாட்டி அப்படியே விற்றுவிடுகிறார்.

வேலூர் வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த எண்பதுகளில் நான் கிட்டார் கற்கத் தொடங்கினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், என் விரல்கள் குட்டை, வேறு ஏதாவது கற்றுக்கொள் என்று பலமுறை சொல்லிவிட்டார். நானும் நம்பினேன். காட்பாடியில் ரயில்வே ஊழியர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிப்பவர். ஒரு மாலை என் கிட்டாரை வாங்கி, மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் தந்தியை நகத்தால் தட்டிக் கேட்டார். எதுவும் பேசாமல் ஊசி போன்ற அரத்தை எடுத்து, ஒவ்வொரு தந்தியையும் தளர்த்தி விலக்கி, பள்ளத்தை இரண்டு மூன்று இழுப்பு அராவி, தூளை ஊதிவிட்டு, பென்சில் முனையை அதற்குள் தேய்த்து, தந்தியைத் திரும்ப ஏற்றி மறுபடியும் தட்டிக் கேட்டார். ஆறு தந்திக்கும் இதையே செய்தார். அன்று அவர் எனக்கு ஒரு கார்டும் கற்றுத்தரவில்லை. வீட்டுக்குப் போய் எஃப் பிடித்தேன், ஒலித்தது. என் விரல்கள் முந்தின நாள் இருந்த அதே நீளத்தில்தான் இருந்தன.

உங்கள் ஊர் தறிக்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள். பாவு தளர்ந்திருந்தால் அவர்கள் தறியைத்தான் பார்ப்பார்கள், நெய்பவரின் கையை அல்ல. இசையில் மட்டும் ஏன் முதலில் மனிதரைக் குறை சொல்கிறோம்? 'கை வராது' என்று சொல்லி அனுப்பப்பட்ட எத்தனையோ பேரிடம் இருந்தது சரிசெய்யப்படாத கருவி மட்டுமே என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

முதலில் அகூஸ்டிக் என்ற அறிவுரையும் இதே அலட்சியத்தில் சொல்லப்படுவதுதான். தந்திகளின் தடிமனை எண்ணால் குறிப்பார்கள். அகூஸ்டிக்கில் வழக்கமாகப் போடும் 12 அளவுத் தந்திகளோடு ஒப்பிட்டால், எலக்ட்ரிக்கின் 9 அளவுத் தந்திகளின் இழுவிசை ஏறத்தாழ பாதிதான். எலக்ட்ரிக்கின் உடல்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில், ஒவ்வொரு தந்தியின் உயரத்தையும் சிறு ஆலன் கீயால் (அறுகோணத் திருகுச் சாவி) நீங்களே ஏற்றி இறக்கலாம். நேராக எலக்ட்ரிக்கிலேயே தொடங்குங்கள்.

20,000 ரூபாயில் 2,000 ரூபாயைச் செட்டப் செய்யத் தனியே எடுத்து வையுங்கள். மீதிக்குள் கிட்டார், ஹெட்போன் ஆம்ப், கேபிள் எல்லாம் அடங்கவேண்டும். சுருதி சேர்க்க உதவும் ட்யூனரும் தாளம் காட்டும் மெட்ரோனோமும் கைப்பேசிச் செயலியாக இலவசமாகவே கிடைக்கும். வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து நட், கழுத்தின் வளைவு, பிரிட்ஜ் மூன்றையும் சரிசெய்யச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் 12ஆம் ஃப்ரெட்டின் மேல்முனையிலிருந்து தந்தியின் அடிப்பக்கம் வரை ஸ்கேலால் அளந்துபாருங்கள். தடித்த தந்திக்கு 2 மில்லிமீட்டர், மெல்லியதற்கு 1.5 என்பதை ஒட்டி இருந்தால் நல்ல வேலை. நம் பக்கத்து வெயிலில் கிட்டாரின் மரம் சுருங்கி விரியும். அக்கினி நட்சத்திரம் முடிந்ததும் ஒருமுறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருமுறை மீண்டும் அளந்துகொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழும் பூட்டிய காருக்குள்ளும் கிட்டாரை வைக்கவே கூடாது.

தம்பியின் கிட்டாரையும் அதே ஆளிடம் காட்டுங்கள். அடுத்த கடிதத்தில் இரண்டு கிட்டார்களின் அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். திறமையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.