வீணையும் மான்களும்

கேள்வி: கையில் வீணையோடு ஒரு பெண், சுற்றிலும் மான்கள். ராஜஸ்தான் ஓவியத்தின் அச்சுப்படி இது. தோடி என்கிறார்கள்; நாம் கச்சேரியில் கேட்கும் தோடி ராகம்தானா? வீட்டில் மாட்டலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: படத்தில் இருப்பவள் தோடி ராகிணியேதான்; ராகிணி என்றால் ராகத்தின் பெண் வடிவம். காதலனைப் பிரிந்தவள் தோப்பில் வாசிக்கிறாள். மான்கள் சொக்கி நிற்கின்றன. கருவியை உற்றுப் பாருங்கள்: தண்டின் இரு பக்கமும் சுரைக்குடுக்கை இருந்தால் அது வடக்கத்திய ருத்ர வீணை. ராகங்களைப் படமாக வரையும் ராகமாலா வரிசையில் பெரும்பாலும் 36 படங்கள். 6 ராகங்கள், ஒவ்வொன்றுக்கும் 5 ராகிணிகள். இமயமலை அடிவாரத்து பஹாடி ஓவியர்கள் ராகங்களின் பிள்ளைகளான ராகபுத்திரர்களையும் சேர்த்து 80-ஐத் தாண்டினார்கள். மயில்கள் சூழ்ந்தால் ககுபா, பாம்புகள் என்றால் ஆசாவரி, ஊஞ்சல் என்றால் ஹிந்தோள். ஊருக்கு ஊர் மரபு மாறும் என்பதால், மேல் விளிம்பில் பெயர் எழுதியிருந்தால் முதலில் அதை வாசியுங்கள்.

கச்சேரியில் கேட்கும் நம் கர்நாடகத் தோடி வேறு. இன்றைய இந்துஸ்தானி தோடியின் சுரங்கள் நமது சுபபந்துவராளி ராகத்தோடு ஒத்துப்போகும். ஆனால் படத்தில் சுரம் தேடாதீர்கள். அதில் இருப்பது ராகத்தின் மனநிலை. அந்தப் பெண்ணின் ஏக்கம்தான் அங்கே தோடி.

தாராளமாக மாட்டலாம். கண்ணாடி மட்டும் தாளைத் தொடக்கூடாது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சை பிடிக்கும், மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இடையில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம்; உள்சுவரே நல்லது.