நிக்கோட்டின் பட்டி ஒட்டியதிலிருந்து நித்திரை இல்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: டொக்டர், எனக்கு 46 வயது. திருகோணமலை திருக்கடலூரில் இருந்து இரவுத் தொழிலுக்குப் போகிறேன். நாளுக்கு 20 சிகரெட் குடித்த ஆள், மூன்று வாரமாக ஒன்றும் தொடவில்லை. சிகரெட் ஆசையை அடக்கத் தோலில் ஒட்டும் 21 மில்லிகிராம் நிக்கோட்டின் பட்டி ஒட்டுகிறேன். கடலில் விடியும்வரை பிளாஸ்கில் தேத்தண்ணி இருக்கும். காலையில் கரைக்கு வந்து, குளித்து, புதுப் பட்டியை ஒட்டிக்கொண்டு படுத்தால் நித்திரை வருவதேயில்லை. கண்ணயர்ந்தாலும், வலையோடு நானும் கடலுக்குள் இழுபட்டுப் போவது மாதிரிக் கனவு. பட்டியை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். மூன்று வாரம் சிகரெட் இல்லாமல் கடலில் இரவைக் கழித்திருக்கிறீர்கள், லேசான காரியமா அது! 'காலையில் ஒட்டிக்கொண்டு படுத்தால்' என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. காலையில் ஒட்டச் சொல்வது இரவில் உறங்குகிறவர்களுக்கு. உங்களுக்கு விடிவதே பின்னேரம்தான். நிக்கோட்டின் மூளையை விழிக்க வைக்கும் பொருள். புதுப் பட்டி ஒட்டிய சில மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு ஏறும். சரியாக அந்த நேரத்தில்தான் நீங்கள் படுக்கிறீர்கள்.

ஆகவே நித்திரையால் எழும்பியதும் ஒட்டுங்கள், தோணி கரை தட்டும்போதே கழற்றிவிடுங்கள். கழற்றிய பிறகும் தோலில் தேங்கிய நிக்கோட்டின் கொஞ்ச நேரம் ஊறிக்கொண்டிருக்கும். மீனை இறக்கி, வலையைத் தட்டி, வீடு போய்ச் சேர்வதற்குள் அது தணியத் தொடங்கும். 24 மணி நேரப் பட்டியானாலும் 16 மணி நேரத்தில் கழற்றலாம். என்ன, எழும்பியவுடன் சிகரெட் ஆசை சற்றுக் கூடலாம். அதற்கு நிக்கோட்டின் சுவிங்கம் சேர்க்கலாமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

அப்புறம் தேத்தண்ணி. இதைப் பலரும் கவனிப்பதில்லை. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் ஈரலைத் தூண்டி, தேத்தண்ணியில் உள்ள கஃபீனை வேகமாகக் கரைத்து வெளியேற்ற வைக்கின்றன. அதைச் செய்வது புகைதான், நிக்கோட்டின் இல்லை. அதனால் பட்டி ஒட்டியிருந்தாலும், புகை நின்றதும் கஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்கும். முன்பு உங்களை ஒன்றும் செய்யாத அதே பிளேன்டீ இப்போது ஏறக்குறைய இரட்டிப்பாக வேலை செய்யும். அளவைப் பாதியாக்குங்கள், நடுச்சாமத்துக்குப் பிறகு வேண்டாம்.

சிகரெட்டை விட்ட முதல் சில வாரங்களில், மருந்தே இல்லாதவர்களுக்கும் நித்திரை குழம்பும். அது தானாகவே அடங்கும். சிகரெட்டை விட உதவும் வரெனிக்ளின் குளிசையும் விசித்திரக் கனவுகளைத் தரும், இரண்டாவது வேளையைச் சாப்பாட்டோடு நேரத்துக்கே எடுத்தால் குறையும். அதே தேவைக்குக் கொடுக்கும் புப்ரோபியன் குளிசையை எடுப்பவர்கள் இரண்டாவது குளிசையைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளக்கூடாது, ஆனால் இரண்டுக்கும் இடையே 8 மணி நேரம் இருக்க வேண்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பகலில் உறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அதற்காகப் பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கிப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள், தயவுசெய்து. யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். இரண்டு வாரத்தில் சரிவராவிட்டால், அல்லது நெஞ்சு படபடத்தால், மனம் சோர்ந்து விழுந்தால் கிளினிக்குக்குப் போங்கள். தேவையானால் 14 மில்லிகிராமுக்குக் குறைப்பார்கள்.

கழற்றிய பட்டியில் இன்னும் நிக்கோட்டின் மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத குப்பைத் தொட்டியில் போடுங்கள்.