டர்போ மாற்ற அவசரப்படாதீர்கள்

அண்ணா, களனிப் பாலம் ஏறும்போது டீசல் வான் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகவில்லை, ஓஃப் பண்ணி ஓன் செய்தால் கொஞ்ச நேரம் சரியாக ஓடுகிறது, ஸ்கேனில் பி0299 என்ற பிழைக் கோட் வந்தது, கராஜில் டர்போவே (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) போய்விட்டது என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கோட் டர்போ அழுத்தம் குறைவு என்று மட்டும்தான் சொல்கிறது, டர்போ செத்துவிட்டது என்று இல்லை.

முதலில் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர வைக்கும் பாகம்) ஹோஸ்களைக் கழற்றி, கிளிப் இருக்கும் இடத்தை வளைத்துப் பாருங்கள். வெளியே நல்லதாகத் தெரியும், அடியில் வெடித்திருக்கும். இழுவையில் உஸ் என்ற சத்தமும் கறுப்புப் புகையும் இருந்தால் பெரும்பாலும் அதுதான். எனக்கும் அப்படித்தான் நடந்தது, பஞ்சிகாவத்தையில் ஒரு ஹோஸ் வாங்கிப் போட்டதோடு முடிந்தது.

ஹோஸ் சரி என்றால் அடுத்தது டர்போவின் அக்சுவேட்டர், அதாவது டர்போவுக்குள் இருக்கும் சின்ன இறக்கைகளைக் கம்பியால் அசைக்கும் பாகம். காலி வீதி நெரிசலில் தினமும் ஊர்ந்தால் டர்போவுக்குள் கரி பிடித்து அந்த இறக்கைகள் இறுகிவிடலாம். அக்சுவேட்டர் வெக்கியூம் (காற்றை உறிஞ்சி இயங்கும்) வகை என்றால் வெக்கியூம் கைப்பம்பால் இழுத்துப் பாருங்கள், கம்பி தடையில்லாமல் போய்வர வேண்டும். வெக்கியூம் குழாய்களையும் பாருங்கள்.

பற்றரியை மட்டும் கழற்றாதீர்கள், கோட் அழிந்துவிடலாம்.