இணையத்தில் சேலை விற்கும் சிறு வணிகர் விளம்பரத்துக்கான நேரத்தை எப்படித் திட்டமிடுவது?

வீட்டிலிருந்தபடியே பருத்திச் சேலை விற்பதாகவும், இன்ஸ்டாகிராம், பேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றையும் கவனிப்பதிலேயே பொழுது போய்விடுவதால் பார்சல் கட்டக்கூட நேரம் கிடைப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மதுரையில் சுங்குடிச் சேலைகளை (துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் பருத்திச் சேலைகள்) இதே வழிகளில் விற்றுவரும் அனுபவத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், நேரம் எங்கே போகிறது என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். பதிவு போடுவதில்தான் நேரம் கரைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு படத்தை எடுத்து நான்கு வரி எழுதிப் போடுவதற்கு ஆகும் நேரம் சொற்பம். அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு "விலை என்ன?", "பிளவுஸ் உண்டா?", "சாயம் போகுமா?", "சிஓடி (பார்சல் வந்ததும் பணம் கொடுப்பது) இருக்கிறதா?" என்று வருகிற விசாரணைகளுக்கு ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து பதில் அனுப்புவதிலும், இடையிடையே எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதிலும்தான் நாள் போகிறது. ஆகவே பதிவுகளைக் குறைப்பதைவிட, ஒரே கேள்வி மறுபடி மறுபடி வராமல் பார்த்துக்கொள்வதே நேரத்தை மிச்சப்படுத்தும் முதல் வேலை.

இதற்கு நான் மிகவும் நம்புவது குறியீட்டு எண்ணை. ஒவ்வொரு சேலைக்கும் ஓர் எண் கொடுத்து, அதையே அலமாரியில் உள்ள சேலையின் மீது சிறு சீட்டாகவும் வைத்து, படத்தின் மீதும் எழுதிவிட வேண்டும். எழுதும் இடம் முக்கியம். மூலையில் எழுதினால் பயன் இல்லை. வாடிக்கையாளர் நம் ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஓரங்களை வெட்டித்தான் அனுப்புவார். எண் இல்லாமல் வரும் நீலச் சேலைப் படத்தை வைத்துக்கொண்டு, அலமாரியில் இருக்கும் பத்து நீலச் சேலைகளில் அது எது என்று தேடுவது கால் மணி நேர வேலை. முந்தானையும் உடலும் சேரும் இடத்தில், படத்தின் நடுவாக்கில், டிசைனை மறைக்காத அளவில் எண் இருந்தால் இந்தத் தேடலே இல்லை. ஆனால் படத்தில் உங்கள் தொலைபேசி எண்ணைப் போடாதீர்கள். நம்மிடம் வாங்கி விற்கும் ரீசெல்லர்கள் தொலைபேசி எண் இல்லாத படத்தைத்தான் கேட்பார்கள். அவர்களுக்காகத் தனியாக இன்னொரு படம் தயாரிப்பது இரட்டை வேலை.

விலையைப் பதிவிலேயே எழுதிவிடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸில் வரவும்" என்று எழுதினால் விசாரணை கூடும் என்று சொல்வார்கள். கூடத்தான் செய்யும், ஆனால் அப்படி வருவோரில் பெரும்பாலோர் விலையைக் கேட்டதும் மறைந்துவிடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பதில் சொன்ன நேரம் திரும்பி வராது.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. 2018இல் வந்த இந்தச் செயலியைப் பலர் சாதாரண வாட்ஸ்அப் போலவே பயன்படுத்துகிறார்கள். அதில் உள்ள விரைவுப் பதில் வசதியில், அடிக்கடி வரும் கேள்விகளுக்கான விடைகளை ஒருமுறை நிதானமாக எழுதிச் சேமித்துவிட்டால், ஒரு சாய்கோடும் சுருக்கச் சொல்லும் தட்டினால் முழுப் பதிலும் வந்துவிடும். எங்களிடம் நாள்தோறும் வரும் கேள்வி, "இது கையால் முடிச்சுப் போட்டதா, பிரிண்டா?" என்பது. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்திருந்தாலும், சந்தையில் சுங்குடி என்ற பெயரில் அச்சிட்ட சேலைகளும் ஏராளமாக விற்பதால், இந்தக் கேள்வி நியாயமானதே. எது முடிச்சு, எது அச்சு, இரண்டுக்கும் விலை ஏன் வேறுபடுகிறது, முதல் சலவையில் உப்புத் தண்ணீரில் தனியாக அலச வேண்டியது ஏன் என்பனவற்றை ஒரே பதிலாக எழுதி வைத்திருக்கிறோம். ஒன்றை மட்டும் சேமித்த பதிலில் அடக்க முடியாது: நிறம். திரையில் தெரியும் அரக்கு ஒன்று, கையில் வரும் அரக்கு வேறொன்று. நிறத்தைப் பற்றிக் கேட்பவருக்குப் பகல் வெளிச்சத்தில் எடுத்த சில நொடி வீடியோவை அனுப்பிவிடுவது நல்லது. திரும்பி வரும் பார்சலை ஏற்று, பேசி, மாற்றுச் சேலை அனுப்பும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

படம் எடுப்பது, எழுதுவது, பதிலளிப்பது ஆகிய மூன்றையும் ஒரே வேளையில் கலந்து செய்யாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன், ஜன்னலோர வெளிச்சத்தில் அந்த வாரத்துக்கான சேலைகள் அனைத்தையும் உடல், முந்தானை, கரை, பிளவுஸ் துணி என்ற ஒரே வரிசையில் எடுத்து முடித்துவிடலாம். அன்றே விவரங்களையும் எழுதி, இன்ஸ்டாகிராமுக்கும் பேஸ்புக்கிற்கும், அவற்றை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பிசினஸ் சூட் என்ற செயலியில் நாள், நேரம் குறித்து வைத்துவிட்டால், அவை தாமாக வெளியாகும். இதற்குக் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால், அதைத் தினமும் கையால் போட வேண்டியிருக்கிறது.

விசாரணைகளுக்கு நான் ஒதுக்குவது மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வேளை, இரவு எட்டரைக்கு மேல் ஒரு வேளை. வீட்டு வேலை முடிந்து பெண்கள் நிதானமாகச் சேலை பார்ப்பது இரவில்தான் என்பதால், எங்கள் விற்பனையில் பெரும்பகுதி அந்த நேரத்தில் முடிவாகிறது. மற்ற நேரங்களில் யாராவது எழுதினால், எத்தனை மணிக்குப் பதில் வரும் என்பதைச் செயலியின் தானியங்கிச் செய்தி சொல்லிவிடும். நேரத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் வாடிக்கையாளர்கள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். "விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று மட்டும் போட்டால்தான் மூன்று கேள்விக்குறிகள் வருகின்றன. கூரியர் ரசீது எண்களை அன்று மாலையே எல்லோருக்கும் அனுப்பிவிடுவதும் இதே கணக்கில் சேரும். அனுப்பாவிட்டால் மறுநாள் காலை முழுவதும் "பார்சல் எங்கே?" என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காசு கொடுத்துச் செய்யும் விளம்பரத்திலும் நேரக்கணக்கு உண்டு. வாட்ஸ்அப்புக்கு அழைத்துவரும் விளம்பரத்தை, நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் நாளில் ஓடவிட்டால், பணம் கொடுத்து வரவழைத்த ஆளைக் கதவைத் திறக்காமல் திருப்பி அனுப்புகிறீர்கள். தினசரி பட்ஜெட்டுக்குப் பதிலாக மொத்த பட்ஜெட் என்ற தேர்வை எடுத்தால், மெட்டாவின் விளம்பர மேலாளரில் குறிப்பிட்ட மணி நேரங்களில் மட்டும் விளம்பரம் ஓடும்படி அமைக்கலாம். நான் பதில் சொல்ல உட்காரும் நேரத்தை ஒட்டித்தான் அதை அமைக்கிறேன்.

ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எல்லா மாதமும் ஒரே அளவு உழைக்க வேண்டியதில்லை. பருத்திச் சேலைக்குப் பங்குனி, சித்திரை வெயிலும், ஆடித் தள்ளுபடியும், தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதமும்தான் காலம். மார்கழியின் முற்பாதி போன்ற மந்தமான வாரங்களில் புதிய பதிவுகளுக்காக மெனக்கெடாமல், வாட்ஸ்அப் பிசினஸின் கேட்லாக்கில் (பொருள் பட்டியலில்) விற்றுப்போனவற்றை மறைப்பது, படங்களை ஒழுங்குபடுத்துவது, கடை இருந்தால், கூகுள் தேடலில் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் நேரங்களைத் திருத்தி விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவது ஆகியவற்றைச் செய்யலாம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கூரியர்கள் திணறுவதால், எந்தத் தேதிவரை ஆர்டர் எடுப்பீர்கள் என்பதை இரண்டு வாரம் முன்னதாகவே அறிவித்துவிடுங்கள்.

மூன்று தளங்களையும் சமமாகக் கவனிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடந்த சில மாத ஆர்டர்கள் எங்கிருந்து வந்தன என்று, உரையாடல்களை வகைபிரிக்க வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள லேபிள்களில் குறித்துப் பாருங்கள். எங்களுக்குப் பேஸ்புக்கிலிருந்து வந்தவை மிகக் குறைவு என்பதால், இன்ஸ்டாகிராமில் போடுவதே அங்கும் வெளியாகட்டும் என்று விட்டுவிட்டோம். உங்களுக்கு அது நேர்மாறாகவும் இருக்கலாம். வீட்டில் உதவ ஆள் இருந்தால், ஒரே வாட்ஸ்அப் கணக்கைத் தொலைபேசியுடன் சேர்த்து மேலும் நான்கு சாதனங்களில் இணைக்க முடியும். பகல் நேர விசாரணைகளையும் ரசீது எண் அனுப்புவதையும் அவர் மடிக்கணினியில் பார்த்துக்கொள்ள, பேரம் பேசுவதையும் நிறம் காட்டுவதையும் மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.