வாசகர் கேள்வி பதில்: தாய்லாந்துச் சாப்பாடும் அப்பத்தாவின் சைவமும்

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகன், சென்ற மாதம் குடும்பத்தில் ஆறு பேரையும் அங்குள்ள ஒரு சாதாரணத் தாய் உணவகத்துக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துச் சென்றான். (தாய் உணவகம் என்றதும் பிள்ளைகளின் அப்பத்தா, “யாருடைய தாய் நடத்துகிறார்?” என்று கேட்டது தனிக்கதை.) அப்பத்தா பல வருடங்களாகச் சுத்த சைவம். காய்கறி போட்ட கிரீன் கறி என்று பட்டியலில் பார்த்து வாங்கிக் கொடுத்தோம். இரண்டு வாய் சாப்பிட்டதும் கருவாட்டு வாசம் அடிக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டு, வெறும் சோற்றோடு எழுந்துவிட்டார்கள். பரிமாறியவரோ அதில் காய்கறி மட்டும்தான் என்று சாதித்தார். ஆளுக்கு ஒன்றாக வாங்கியதில் பாதி மீந்தும் போயிற்று. தைப்பூசம் முடிந்து மறுபடி போகலாம் என்கிறான் மகன். என்ன சொல்லி, எப்படி வாங்குவது?
வாசகி, காரைக்குடி

பதில்: அப்பத்தாவின் மூக்கு தவறவில்லை. பரிமாறியவரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் பார்த்தது குழம்பில் மிதந்த காய்களை, அப்பத்தா முகர்ந்தது அரைத்த மசாலாவை. தாய்லாந்தின் கிரீன் கறி, ரெட் கறி ஆகியவற்றுக்கான மசாலாவைப் பச்சை அல்லது காய்ந்த மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், எலுமிச்சைப்புல், பேரரத்தை ஆகியவற்றோடு ‘கபி’ என்னும் புளிக்கவைத்த இறால் விழுதையும் சேர்த்தே இடிப்பது வழக்கம். உப்புக்குப் பதிலாக ‘நாம் பிளா’ என்னும் மீன்சாற்றை ஊற்றுவார்கள். இது நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்தெடுப்பது. ஆகவே இறைச்சித் துண்டு ஒன்றும் இல்லாத குழம்பிலும் இறாலும் மீனும் கரைந்திருக்கக்கூடும்.

“இது சைவமா?” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிடுவது எளிது. மீன்சாறு, இறால் விழுது, சிப்பிச் சாறு, காய்ந்த இறால் ஆகிய நான்கையும் பெயர் சொல்லி, இவற்றுள் எதுவும் இதில் சேருமா என்று, முடிந்தால் சமையற்கட்டிலேயே விசாரித்து வரச் சொல்லுங்கள். வாணலியில் அப்போதைக்கப்போது வதக்கித் தரும் பதார்த்தங்களில் மீன்சாற்றை விட்டுவிட்டுச் சோயா சாறோ உப்போ போட்டுத் தர அவர்களால் முடியும். கறி வகைகளில் அது முடியாது. மசாலா முன்பே அரைத்தோ கடையில் வாங்கியோ வைத்தது, அரைத்த மசாலாவிலிருந்து எதையும் பிரித்தெடுக்க இயலாது என்பதை அம்மி பிடித்த கைகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ‘தொம் யம்’ என்னும் புளிப்பும் காரமுமான சூப்புக்கும் பெரும்பாலும் இதே கதிதான். பச்சைப் பப்பாளியைத் துருவிக் குத்தித் தரும் ‘சொம் தம்’, கேட்டபிறகே செய்வதாதலால் மீன்சாறும் காய்ந்த இறாலும் இல்லாமல் பெறலாம். ஆனால் குத்துகிற உரல் ஒன்றேதான், அதை அப்பத்தா ஒப்புவார்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆக, அவர்களுக்காக மல்லிகை அரிசிச் சோறு, பூண்டும் மிளகாயும் சோயா சாறும் மட்டும் போட்டு வதக்கிய வள்ளைக்கீரை, அதேபோல் வதக்கிய டோஃபு ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள். இறுதியில் தேங்காய்ப்பாலில் பிசறிய ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும் வாங்குங்கள். அதில் அரிசி, தேங்காய்ப்பால், சர்க்கரை, உப்பு தவிர வேறொன்றும் பொதுவாக இருப்பதில்லை. இன்னொரு சங்கதி: ‘கப்ராவ்’ என்ற பெயரில் வரும் கோழி வதக்கலில் மணப்பது நாம் மாடத்தில் வைத்துக் கும்பிடும் துளசியேதான். அதை அப்பத்தாவுக்கு எட்டாத மேசைக்கோடியில் வைப்பது குடும்ப அமைதிக்கு நல்லது.

மீந்து போனதற்குக் காரணம், ஆளுக்கொரு தட்டு என்று வாங்கியது. தாய்லாந்துக் குடும்பங்கள் சோற்றை மட்டும் தனித்தனியே போட்டுக்கொண்டு, மற்றவற்றை நடுவில் வைத்துப் பொதுவில் எடுத்துச் சாப்பிடுகின்றன. ஆறு பேருக்குப் புளிப்பாக ஒன்று, தேங்காய்ப்பால் குழம்பு ஒன்று, கீரை வதக்கல் ஒன்று, மீனோ கோழியோ ஒன்று என நான்கைந்து போதும். போதாவிட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம். சூப்பு முதலில் குடித்து முடிப்பதற்கல்ல, நம் ரசத்தைப் போலச் சோற்றோடு சேர்வது. அதில் கிடக்கும் எலுமிச்சைப்புல்லையும் பேரரத்தைத் துண்டுகளையும் கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல் ஒதுக்கிவிடுங்கள்.

காரத்தில் நமக்குக் கர்வம் உண்டு. ஆனால் நம் காரம் பெரும்பாலும் வறுத்த மிளகாயும் மிளகும் தருவது. அவர்களுடையது பச்சை ஊசிமிளகாயைத் தட்டிப் போட்டது, நாக்கின் நுனியிலேயே சுரீரென்று ஏறும். முதல் முறை குறைவாகவே சொல்லுங்கள். குச்சி பிடிக்கத் தெரியவில்லையே என்ற கவலை தேவையில்லை: தாய்லாந்தில் குச்சி பெரும்பாலும் நூடுல்ஸுக்குத்தான், சோற்றை வலக்கைக் கரண்டியால் உண்கிறார்கள், இடக்கை முள்கரண்டி தள்ளிவிடுவதற்கு மட்டுமே. அந்நாட்டின் வடகிழக்கில் ஒட்டரிசியைக் கையால் உருட்டித்தான் சாப்பிடுகிறார்கள் என்பதால், அப்பத்தா கையால் சாப்பிட்டாலும் கூச்சப்பட ஏதுமில்லை.

கேள்வி: பெற்றோருடன் பாங்காக் செல்லவிருக்கிறோம். சைவ உணவுக்கு எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்க வேண்டும்?
வாசகர், தேவகோட்டை

பதில்: ‘ஜே’ என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன், மீன்சாறு, முட்டை, பால் மட்டுமன்றிப் பூண்டு, வெங்காயம்கூட இல்லாத உணவு அது. மஞ்சள் துணியில் அந்தச் சொல்லைச் சிவப்பாக எழுதித் தொங்கவிட்டிருக்கும் கடைகளைத் தேடுங்கள். ‘மங்சவிரத்’ என்ற சொல்லும் உண்டு. அதில் முட்டை வரலாம். சீலோம் சாலையில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, பெற்றோரை அங்கும் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: தாய் உணவகத்தில் கறுப்பு அரிசிப் பாயசம் போன்ற ஒன்றைத் தந்தார்கள். நம் கவுனி அரிசிதானா அது?
வாசகி, பள்ளத்தூர்

பதில்: அதே இனம் என்று சொல்லலாம், இரண்டும் கறுப்பு நிற ஒட்டரிசிதான். நகரத்தார் பர்மாவில் கொண்டுவிற்று வணிகம் செய்த காலத்தில் கவுனி நம் வீடுகளுக்கு வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். தாய்லாந்து அந்தப் பர்மாவுக்கு அடுத்த வீடு. நாம் இரவே ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்க்கிறோம். அவர்கள் வெந்த அரிசியில் சர்க்கரை சேர்த்து, மேலே உப்புக் கலந்த கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றித் தருகிறார்கள். அடுத்த முறை வீட்டில் கவுனி வேகும்போது ஒரு கிண்ணத்துக்கு மட்டும் நெய் சேர்க்காமல் அப்படித் தேங்காய்ப்பால் ஊற்றிப் பாருங்கள். உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.